சம்பந்தியை மிதிக்காமல் விட்டது

மிதிச்சது நிஜந்தானுங்க அண்ணா. இல்லைன்னு நான் யார்கிட்டயும் சொல்லலை. சம்பந்தி தலையில மிதிச்சேன். ஒரு தடவை இல்லை, பல தடவை மிதிச்சிருக்கேன். அதுவும் அவருக்கு உயிர் போய்க்கிட்டு இருக்கிற நேரத்துல மிதிச்சிருக்கேன். ஆனா அவர் மிதிக்கச் சொல்லித்தான் மிதிச்சேன். அதை மட்டும் உங்க வீட்டம்மா யார்கிட்டயும் சொல்லலை.

உக்காருங்க. அந்த நாற்காலி ஆடும், இதுல உக்காருங்க. காபி போடட்டுங்களா? இப்பெல்லாம் எனக்கு நல்லாவே போட வருது. வேண்டாமா, சரி, தண்ணியாவது குடிங்க.

அண்ணியை நான் குறை சொல்லலைங்க. சம்பந்திக்குக் கூடப்பிறந்த அக்கா. தம்பி தலையில ஒருத்தன் கால் வச்சான்னா பதறத்தான் செய்வாங்க. ஆனா பாருங்க, பொள்ளாச்சியில ஒரு கல்யாணம், பந்தியில உக்காந்திருக்கேன், பக்கத்து இலைக்காரர் முன்னப்பின்ன தெரியாத ஆளு, 'சம்பந்தியை மிதிச்ச உடுமலைக்காரர் நீங்கதானா'ன்னு கேக்கறார். ஆமாங்கன்னேன். அவர் தன் காலை மட்டும் மெதுவா உள்ளே இழுத்துக்கிட்டார்.

அது போகட்டும். வெள்ளிக்கிழமை தாரணிக்கு வளைகாப்பு. எனக்கு ஒரே பொண்ணு. நான் கட்டுச்சோறு கொண்டுபோகணும், சம்பந்தி வாசல்ல நின்னு வாங்கணும். அவர் நிக்க மாட்டேங்கறார். அவர் நிக்கலைன்னா எனக்கு வளையலே வேண்டாம்னு தாரணி சொல்லிட்டா. வயித்துப் பிள்ளைக்காரி அழுதுக்கிட்டே சொல்றா. நீங்க அதைப் பேசத்தான் வந்திருக்கீங்கன்னு தெரியுது. அதனால முதல்ல இருந்து கேளுங்க. இதுவரைக்கும் நீங்க கேட்டதெல்லாம் அண்ணி சொன்னது. அண்ணி வந்தது கடைசியிலதான்.

வீட்டுக்காரி போனதுக்கப்புறம் என்னைத் தனியா விடமாட்டேன்னு தாரணி கோயமுத்தூருக்குக் கூட்டிட்டுப் போயிட்டா. சம்பந்தியம்மா அப்போ மூத்த மகன் வீட்டுக்கு மெல்போர்ன் போயிருந்தாங்க. அதனால சம்பந்தியும் அங்கேதான் இருந்தார். காலையில பொண்ணும் மாப்பிள்ளையும் ஆபீஸ் போயிடுவாங்க. வீட்டுல நாங்க ரெண்டே பேர்.

நான் பஞ்சாலையில ஃபிட்டரா இருந்தவன். படிப்பெல்லாம் நானா எழுத்துக்கூட்டிப் படிச்சது. அவர் பேங்க் மேனேஜரா இருந்தவர். 'சாப்ட்டாச்சுங்களா சம்பந்தி?' 'ஆச்சுங்க, உங்களுக்கு?' 'ஆச்சுங்க.' அதோட அன்னைக்குப் பேச்சு முடிஞ்சது. அப்புறம் சாயங்காலம் வரைக்கும் ஃபேனைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருப்போம். அவர் சோபாவுல, நான் பிளாஸ்டிக் ஸ்டூல்ல. சோபாவுல இடம் இருந்தது. பொண்ணு கொடுத்தவன் எப்படிங்க சரிசமமா உக்கார்றது? அவர் எந்திரிச்சா நானும் எந்திரிப்பேன். அவர் பாத்ரூம் போக எந்திரிச்சாலும் எந்திரிப்பேன். கடைசியில பாவம், அவர் எந்திரிக்கறதையே குறைச்சுக்கிட்டார். எனக்கு மரியாதைன்னா மரியாதைதானுங்க. அதுல நான் குறை வச்சதே இல்லை.

ஒருநாள் மாப்பிள்ளை அவசரத்துல டிவியை நிறுத்தாமப் போயிட்டார். பார்த்தா ஏதோ பழைய படம். ஓரமெல்லாம் மஞ்சளடிச்சு, குறுக்கே கோடு கோடா மழை பெய்யுது. நம்ம காலத்துல கொட்டாயில ஓடி ஓடித் தேஞ்ச படம் மழை பெய்யுமே, அதே மாதிரி. ரெண்டு பொம்மை. ஒருத்தனுக்குத் தலை இருக்கற இடத்துல பூட்டு, இன்னொருத்தனுக்குச் சாவி. கையில வெள்ளை கிளவுஸ், காலு இடியாப்பம் மாதிரி வளையுது. பின்னாடி பேண்டு வாசிக்கறாங்க, ரெண்டும் அந்தத் தாளத்துக்குக் குதிச்சுக்கிட்டே இருக்கு. பின்னாடி மலை ஆடுது, வீடு ஆடுது, நிலாவுக்கு மூஞ்சி இருக்கு, அதுவும் ஆடுது.

சரி, எழுத்துப் போடப்போறாங்கன்னு உக்காந்தோம். கீழே இங்கிலீஷ்ல ஒண்ணு மின்னி மின்னி மறைஞ்சது. எழுத்துக்கூட்டிப் படிச்சேன். பட்டனை அழுத்தவும்னு இருந்தது. யாருக்கோ சொல்றாங்கன்னு விட்டுட்டேன்.

மதியம் வரைக்கும் பார்த்தோமுங்க. பூட்டும் சாவியும் குதிச்சுக்கிட்டே இருந்தாங்க. 'கொஞ்சம் மெதுவாப் போற படம்'னார் சம்பந்தி. 'ஆனா நடிப்பு நல்லா இருக்குதுங்க'ன்னேன். அந்த வீட்டுல நாங்க மனசுவிட்டுப் பேசின முதல் பேச்சு அதுதான்.

சாப்பாட்டுக்கு அப்புறம் சத்தத்தைக் குறைக்கலாம்னு டீப்பாய்மேல கிடந்த ஒரு ரிமோட்டை எடுத்தார். ரெண்டு பக்கமும் கைப்பிடி வச்ச ரிமோட். ஒண்ணை அழுத்தினார். குதிச்சுக்கிட்டு இருந்த பூட்டு ஓட ஆரம்பிச்சுட்டான். சம்பந்தி பயந்துபோய் ரிமோட்டைக் கீழே போட்டார். பூட்டு நின்னுட்டான். எடுத்தார். ஓடினான். 'சம்பந்தி, இவன் நம்ம சொல்றதைக் கேக்கறான்'னார். அந்தக் குரலை நீங்க கேட்டிருக்கணும் அண்ணா. பேங்க்ல அத்தனை வருஷம் இருந்தாரே, ஒருத்தனும் கேட்டிருக்க மாட்டான்போல.

இன்னொரு ரிமோட் இருந்தது. அதை நான் எடுத்தேன். பூட்டு அவர், சாவி நான். மாப்பிள்ளை வீட்டார் முதல்ல எடுத்துக்கறதுதானே முறை.

சாயங்காலம் மாப்பிள்ளைகிட்ட, இவ்வளவு பழைய படத்துல எப்படிங்க விளையாட விட்டாங்கன்னு கேட்டேன். 'மாமா, இது புதுசு. ஒவ்வொரு படமாக் கையால வரைஞ்சு, பழசு மாதிரி தெரியணும்னு அப்புறம் மழைக்கோடு போட்டிருக்காங்க'ன்னார். கோடு விழாத படம் பார்க்க மாட்டோமான்னு நாமெல்லாம் ஏங்கினோம். இவங்க காசு கொடுத்துக் கோடு போட்டிருக்காங்க. சரி, புதுப் பேண்டைக் கிழிச்சுப் போட்டுக்கறவங்கதானேன்னு விட்டுட்டேன்.

ஆனா ஒண்ணுங்க, அந்த விளையாட்டு லேசுப்பட்டது இல்லை. மாப்பிள்ளையே பாதியில விட்டதுதான். அதுல ஒரு தையல் மெஷின் வருவா. ஆமா, மெஷின்தான், ஆனா பொம்பளை. உதட்டுச்சாயம் பூசியிருப்பா, இமையைப் படபடன்னு அடிப்பா. நாங்க தையக்காரின்னு கூப்பிடுவோம். முதல்ல பட்டன் பட்டனா எறிவா. அதுல தப்பிச்சா ஊசி. அதுலயும் தப்பிச்சா அவ வயித்துக்குள்ள இருந்து ஒரு கத்திரிக்கோல் எந்திரிச்சு நடந்து வரும், தொப்பி வச்சுக்கிட்டு. பார்த்தாச் சிரிப்பு வரும். சிரிக்கறதுக்குள்ள செத்துருவோம்.

எத்தனை நாள் செத்தோம்னு கேக்காதீங்க. காலையில காபி குடிச்சுட்டுச் சாக ஆரம்பிச்சா, மதியம் ரசம் சாதம் சாப்பிட்டு மறுபடி சாவோம். 'உங்களுக்கு அலுக்கலையாப்பா'ன்னு தாரணி கேட்டா. அதெப்படி அலுக்கும்? செத்ததும் ஒரு கோடு காட்டும். நீ இவ்வளவு தூரம் வந்தே, பாக்கி இவ்வளவுதான்னு. அந்தப் பாக்கியைப் பார்த்தாக் கை தானாப் பட்டனை அழுத்திரும். இந்த வயசுல வேற எங்கேங்க அண்ணா, மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிங்கன்னு சொல்றாங்க? அதுவுமில்லாம அவகிட்ட ஒரு நேர்மை உண்டு. ஊசி எறியறதுக்கு முன்னாடி இடது கண்ணைச் சிமிட்டுவா. சொல்லிட்டுத்தான் அடிப்பா. பார்க்காதது நம்ம தப்பு. மில்லுல எந்த சூப்பர்வைசரும் எனக்குக் கண்ணைச் சிமிட்டிட்டு மெமோ கொடுத்ததில்லை.

இப்பத்தான் மிதி வருது. கவனமாக் கேளுங்க.

ரெண்டு பேர்ல ஒருத்தர் செத்தா உடனே ஆட்டம் முடியாது. செத்தவனோட ஆவி வெளியே வரும். வெள்ளையா, இட்லிச் சட்டி ஆவி மாதிரி. கண்ணை மூடிக்கிட்டு, கிளவுஸ் போட்ட கையைக் கூப்பிக்கிட்டு, மெதுவா மேலே போகும். டிவி விளிம்பைத் தாண்டிருச்சுன்னா போனது போனதுதான். தாண்டறதுக்கு முன்னாடி மத்தவன் எகிறிக் குதிச்சு அந்த ஆவியோட தலையில மிதிச்சா, உயிர் திரும்ப உடம்புக்குள்ள வந்துரும். கையால இழுக்க முடியாது. தலையில கால் வச்சுத்தான் மிதிக்கணும். அந்த விளையாட்டுல அப்படி வச்சிருக்காங்க.

நான் செத்தா சம்பந்தி யோசிக்கவே மாட்டார். நான் கிளம்பறதுக்குள்ள ஒரே மிதி. திரும்ப வந்து நிப்பேன். அதுல எனக்கு வருத்தமே இல்லைங்க. மாப்பிள்ளை வீட்டார் மிதிக்கறது முறைதானே. ஆனா அவர் செத்தா? கண்ணை மூடிக் கையைக் கூப்பிக்கிட்டு மேலே போறார். பொண்ணைப் பெத்தவன், அந்தத் தலையில கால் வைக்கறதா? முதல் தடவை நான் ரிமோட்டை மடியில வச்சுட்டு நானும் கையைக் கூப்பினேன்.

'என்னங்க சம்பந்தி, கும்பிட்டுக்கிட்டு உக்காந்திருக்கீங்க? மிதிங்க.'

'அது முறையில்லைங்க.'

'நான் போயிட்டு இருக்கேன், நீங்க முறை பேசறீங்க. மிதிங்கன்னா.'

அவர் போயிட்டார். அன்னைக்கு ராத்திரி அவர் சரியாச் சாப்பிடலை. மறுநாள் காலையில, மாப்பிள்ளை வீட்டார்ங்கற உரிமையில கேக்கறேன், என்னை மிதிச்சே ஆகணும்னார். அப்படிக் கேட்டா என்ன செய்யறது? அவர் சொல்லைத் தட்டறதும் மரியாதை இல்லையே. கண்ணை மூடிக்கிட்டு மிதிச்சேன். உசிர் வந்துருச்சு. ஆனா கால் பட்டா தொட்டுக் கும்பிடணும் இல்லைங்களா? எந்திரிச்சுப் போய், டிவியில அவர் நிக்கற இடத்தைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டேன். திரும்பி வந்து உக்கார்றதுக்குள்ள கத்திரிக்கோல் வந்து ரெண்டு பேரையும் வெட்டிட்டுப் போயிருச்சு.

அப்புறம் அவர்தான் ஒரு வழி சொன்னார். பேங்க் மூளை. 'ஒவ்வொரு மிதிக்கும் எந்திரிக்காதீங்க. சாயங்காலம் மொத்தமாத் தொட்டுக் கும்பிட்டுக்கலாம்.' அது எனக்குச் சரியாப் பட்டது. தினமும் டிவியை நிறுத்தினதும், கறுப்புக் கண்ணாடியில ரெண்டு கையையும் வச்சு எடுத்துக் கண்ணுல ஒத்திக்குவேன். தாரணி ஒருநாள் பார்த்துட்டு, அப்பா டிவிக்கு நன்றி சொல்றார்னு மாப்பிள்ளைகிட்டச் சொல்லிச் சிரிச்சாளாம்.

அந்த மாசம் நல்லா இருந்தோமுங்க. நான் ஸ்டூலை விட்டு சோபாவுக்கு வந்துட்டேன். ஸ்டூல்ல இருந்தா குதிக்கத் தோதா இல்லைன்னு அவரே இழுத்து உக்கார வச்சார். 'சாகாதீங்க சம்பந்தி, சாகாதீங்க'ன்னு நான் கத்துவேன். 'செத்துட்டேன், வாங்க'ம்பார். வந்துட்டேனுங்கம்பேன். ஒரு மிதி. அவர் ஏதோ ஊருக்குப் போயிட்டு வந்த மாதிரி எழுந்து நிப்பார். எனக்கு அப்போ மனசுக்குள்ள என்னமோ மாதிரி இருக்கும். சந்தோஷம்தான்னு வச்சுக்குங்க.

அப்புறம் அண்ணி வந்தாங்க.

அன்னைக்குத் தையக்காரி சாகற நிலைமை. கத்திரிக்கோலுக்குத் தொப்பி விழுந்துருச்சு, பிடி உடைஞ்சுருச்சு, இன்னும் ரெண்டு அடி அடிச்சா முடிஞ்சது. அந்த நேரம் பார்த்து சம்பந்தி செத்தார். 'என் தலையில மிதிங்க சம்பந்தி, உயிர் போகுது, மிதிங்க'ன்னு கத்தறார். கதவு திறந்துதான் இருந்தது. முறுக்குத் தூக்கோட அண்ணி உள்ளே வந்து நிக்கறாங்க.

'யார் தலையில யாருடா மிதிக்கறது?'

'என் தலையில. அந்த மேலே போறது நான்தான்க்கா. சம்பந்தி, குதிங்க.'

அண்ணி டிவியைப் பார்த்தாங்க. கையைக் கூப்பிக்கிட்டு மேலே போற தம்பியைப் பார்த்தாங்க. அப்புறம் என் காலைப் பார்த்தாங்க அண்ணா. நான் சோபாவுல உக்காந்துக்கிட்டு, உணர்ச்சியில ரெண்டு காலையும் தூக்கி டீப்பாய்மேல வச்சிருந்திருக்கேன். அது எனக்கே அப்பத்தான் தெரிஞ்சது. 'பொண்ணைக் கொடுத்தவரு, என் தம்பி தலையில கால் வைக்கறாரா?'ன்னாங்க.

கை நின்னுருச்சு. காலைக் கீழே இறக்கினேன். எந்திரிச்சு நின்னேன். சம்பந்தி மேலே போனார். விளிம்பைத் தாண்டிட்டார். கோடு காட்டுச்சு. பாக்கின்னு சொல்ல ஒண்ணுமே இல்லை அண்ணா, ஒரு நகம் அளவு.

சம்பந்தி ரிமோட்டை வச்சார். 'பார்த்துக்கிட்டே நின்னீங்களே சம்பந்தி'ன்னார். உள்ளே போய்ப் படுத்துட்டார். நான் மதிய பஸ்ஸுக்கே கிளம்பி வந்துட்டேன். இப்ப ஊரெல்லாம் நான் மிதிச்சவன்.

சரி, நடந்தது நடந்துபோச்சு. இதோ பாருங்க, தட்டு தயார். வெத்தலை, பாக்கு, பழம், ஒரு வேட்டி துண்டு. பத்துப் பேருக்கு முன்னாடி, மிதிச்சது தப்புதாங்கன்னு சொல்லி அவர் கையில கொடுத்துடறேன். பொண்ணுக்காக அதுகூடச் செய்யலைன்னா எப்படி?

என்னங்கண்ணா தலையை ஆட்டறீங்க? பத்தாதா?

மிதிச்சதுக்கு இல்லையா? பின்னே?

மிதிக்காததுக்கா.

இருங்க இருங்க. மிதிக்காம விட்டதுக்கு நான் மன்னிப்புக் கேக்கணும்னு அவர் சொல்றாரா? ஊரே மிதிச்சதுக்குத் திட்டுது, அவர் மிதிக்காததுக்குத் திட்டறாரா? அதெப்படிங்க முடியும்? நான் மரியாதை கொடுத்தேன். மரியாதை கொடுத்ததுக்கு யாராவது மன்னிப்புக் கேப்பாங்களா? அண்ணி எதிர்ல நிக்கறாங்க, நான் என்ன செய்யறது? பார்த்துக்கிட்டே நின்னேன், ஆமா. வேற என்ன செய்யறது?

என் வீட்டுக்காரி போனப்பவும் பார்த்துக்கிட்டேதானே நின்னேன். நீங்க ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தீங்களே. பெரியவரே, ஓரமா நில்லுங்கன்னாங்க, ஓரமா நின்னேன். யாரும் என் கையில ஒரு பட்டனைக் கொடுத்து, இதை அழுத்துங்க, வந்துருவாங்கன்னு சொல்லலை. அது வேற. அதை விடுங்க. நான் பேசறது மரியாதையைப் பத்தி.

தண்ணி இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுங்களா? நான் குடிச்சுக்கறேன்.

அவர் நல்லா இருக்காருங்களா? தூங்கறாரா? மாத்திரையெல்லாம் சரியாப் போடறாரா? இல்லை, சும்மா கேட்டேன். எனக்கென்ன.

எங்கே? கார்லயா? எந்தக் கார்ல?

அண்ணா, வந்து இவ்வளவு நேரமாச்சு, அவர் வெயில்ல கார்ல உக்காந்திருக்கார்னு இப்பச் சொல்றீங்களே. டிரைவருக்கு வழி காட்ட வந்தாரா? நீங்க இந்த வீட்டுக்கு எத்தனை தடவை வந்திருக்கீங்க, உங்களுக்குத் தெரியாத வழியா? சரி சரி, அப்படியே இருக்கட்டும். மடியில என்னது? பெட்டியா? டிவியில மாட்டற அந்தப் பெட்டியையே கழட்டிக் கொண்டு வந்திருக்காரா?

என்னால ஆகாதுங்க அண்ணா. இப்பவும் சொல்றேன். அவர் உள்ளே வரட்டும், சாப்பிடட்டும், என் தலையில எவ்வளவு வேணும்னாலும் மிதிக்கட்டும். ஆனா மறுபடி அண்ணிக்குத் தெரிஞ்சா நான் எந்த முகத்தை வச்சுக்கிட்டு...

அண்ணியும் கார்லயா?

அவங்களே சொன்னாங்களா? என்ன சொன்னாங்க, சரியாச் சொல்லுங்க. நான் மிதிச்சுக்கிட்டே இருக்கணும், கையை எடுக்க வேண்டாம். அவங்க டிவி பக்கத்துல உக்காந்துக்கிட்டு, ஒவ்வொரு மிதிக்கும் எனக்குப் பதிலா அவங்க தொட்டுக் கும்பிட்டுக்குவாங்க. அப்படியா? அது செல்லுங்களா? கூடப்பிறந்த அக்காவே கும்பிட்டா... மிதி என்னோடது, கும்பிடு அவங்களோடது. கணக்கு சரியாத்தான் வருது. யோசிச்சுப் பார்த்தா இதுல ஒரு குறையும் இல்லையே.

வரச் சொல்லுங்க. இருங்க, நானே போறேன். தட்டை எடுத்துக்கறேன். வாசல்ல நின்னு கூப்பிடறதுதான் முறை.

வாங்க சம்பந்தி. வாங்கண்ணி. பார்த்து, படி உயரம். பெட்டியைக் கொடுங்க, நான் வாங்கிக்கறேன். சாப்பாடு... முதல்ல இதுவா? சரிங்க.

அண்ணா, அந்த ஒயரைக் கொஞ்சம் நீட்டுங்க. அண்ணி, நீங்க இந்த ஸ்டூல்ல. கை எட்டுதுங்களா? திரையை மறைக்காம, ஓரமா இருந்து தொடணும். ஆமா, அந்த உதட்டுச்சாயக்காரிதான். இருங்க, வருவா.

சம்பந்தி இன்னும் என்கிட்டப் பேசலை பாருங்க அண்ணா. பேசாட்டிப் போகட்டும். ஊசி, சம்பந்தி, ஊசி. கண்ணைச் சிமிட்டிட்டா. பட்டுருச்சு. போச்சு. இருங்க, இதோ வந்துட்டேன். மிதிச்சாச்சு. அண்ணி, தொடுங்க.

அண்ணி, தொடுங்க. என்ன, கையைத் தூக்கினபடியே உக்காந்திருக்கீங்க? கத்திரிக்கோலு வந்துருச்சா, அதைப் பார்த்துட்டீங்களா? அது தொப்பி விழுந்தாத்தான் அடங்கும். என்னது? கும்பிடறதெல்லாம் அப்புறம், முதல்ல இவளை முடிங்கன்னா சொல்றீங்க?

மறுபடி போறாருங்க. மேலே போறார். என் சாவி தடுக்கி விழுந்து இப்பத்தான் எந்திரிக்கறான்...

'சம்பந்தி.'

சொல்லுங்க சம்பந்தி.

'வெள்ளிக்கிழமை சோத்தை நேரத்தோட கொண்டாந்துடுங்க. நான் வாசல்லயே நிப்பேன். இப்பக் குதிங்க.'

குதிக்கறேனுங்க.